மாட்டெலும்பா, மனித எலும்பா? வன்னியில் எந்தச் சோதனையை எங்கே நம்பலாம்

காணி துப்புரவாக்கும்போதும், மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போதும், பெக்கோ வாய்க்காலைக் கிளறும்போதும் எலும்பு வருவது வன்னியில் புதினம் இல்லை. வந்தவுடன் கூடி நிற்பவர்களில் ஒருவர், “இது மாடு, அள்ளிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கோ” என்பார். இன்னொருவர், “உடனே டி.என்.ஏ.க்கு அனுப்பச் சொல்லுங்கோ” என்பார். காணிக்காரர், கண்ணிவெடி அகற்றும் பிள்ளைகள், சட்டம் படிப்பவர்கள், காணாமல் போனவரைத் தேடும் குடும்பங்கள் என்று பலரும் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்றுதான் கேட்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்வது போதுமா? நுண்ணோக்கி வேண்டுமா? மரபணு வரை போக வேண்டுமா?

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். முழு எலும்பு, அல்லது மூட்டுப் பக்கம் உடையாத எலும்பு என்றால் பழகிய கண் போதும். அது வேகமானது, எதையும் அழிக்காது. சிறு துண்டென்றால்தான் ஆய்வுகூடம். மனிதனா விலங்கா என்று மட்டும் அறிய மரபணுவைச் செலவழிப்பது பெரும்பாலும் வீண். அதன் வேலை ஆள் யார் என்று சொல்வது. அதோடு, எந்தச் சோதனையிலும் முடிவு வராத துண்டு விலங்குக் குவியலுக்குப் போகக்கூடாது. இந்தக் கடைசி விடயத்தில்தான் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

## எடுக்க முன்னம்

எலும்பைக் கண்டால் அலவாங்கையும் மண்வெட்டியையும் அப்படியே வைத்துவிட்டு விலகுங்கள். போர் நடந்த மண்ணில் எலும்புக்குப் பக்கத்தில் வெடிக்காத செல்லோ கைக்குண்டோ கிடக்கலாம் என்பது ஒரு காரணம். மற்றது சட்டம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, புதைத்த உடலைத் தோண்டியெடுக்க உத்தரவிடுவது நீதவான். எச்சங்களைப் பார்த்து அறிக்கை கொடுப்பது சட்ட வைத்திய அதிகாரி. நாங்கள் செய்ய வேண்டியது பொலிசுக்கோ விதானையாருக்கோ அறிவிப்பதும், அவர்கள் வரும்வரை இடத்தைக் குழப்பாமல் வைத்திருப்பதும்தான்.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் 29 அன்று குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் முதலில் கண்டது சில எலும்புகளும் உடைகளும்தான். 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. திருக்கேதீஸ்வரத்தில் 2013 டிசம்பரில் வெளிப்பட்ட புதைகுழியும் குழாய்க்காகத் தோண்டியபோது வந்ததுதான். அங்கே 80க்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள். எந்த நிபுணரும் வருவதற்கு முன்னால், கூலிக்கு மண் வெட்டியவரின் கண்ணில்தான் இரண்டு இடமும் முதலில் பட்டன.

## எதை வைத்து ஒப்பிடுவது

சோதனைகளை எடைபோட முன்னம் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இது எலும்புதானா, மனித எலும்பா, எவ்வளவு காலத்துக்கு முந்தியது, யாருடையது: இவை நான்கும் வேறுவேறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் வேறு சோதனை. மன்னார் சதொச வளவில் 2018இல் 300க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் வெளிவந்தன. அடுத்த வருடம் புளோரிடாவிலிருந்து வந்த காபன் அறிக்கை, அனுப்பிய மாதிரிகளை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்துக்குரியவை என்றது. அந்த முடிவைச் சிலர் ஏற்றார்கள், பலர் ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. காபன் சோதனை காலத்தைப் பற்றித்தான் பேசும். மாடா மனிதனா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. இன்றைக்கும் ‘காபனுக்கு அனுப்பினால் மனிதனா என்று தெரியும்தானே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது துண்டின் நிலை. முழுசா, உடைந்ததா, எரிந்ததா, பல வருடம் வெயிலில் கிடந்து உதிர்வதா? பிறகு, சோதனை எலும்பில் எவ்வளவைத் தின்னும் என்பது. சுண்டுவிரல் நகமளவு துண்டில் பாதியை வெட்டியெடுத்து ‘முடிவில்லை’ என்று எழுதினால், மிச்சப் பாதியை வைத்து அடுத்த சோதனையைச் செய்ய முடியுமா என்று முதலே யோசித்திருக்க வேண்டும். நேரமும் தூரமும் ஒரு அளவுகோல். முல்லைத்தீவிலிருந்து ஒரு பொதி கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதென்றால் முத்திரை, கையொப்பம், நீதிமன்ற அனுமதி எல்லாம் கூடவே போக வேண்டும். எந்த இடத்தில் யார் கையில் இருந்தது என்ற பதிவு ஒரு இடத்தில் அறுந்தாலும், நல்ல ஆய்வு முடிவுகூட வழக்கில் நிற்காது.

எல்லாவற்றையும் விடப் பெரிய அளவுகோல், பிழை எந்தப் பக்கம் விழுகிறது என்பது. மாட்டெலும்பை மனித எலும்பென்று சொன்னால் வேலை சில நாள் நிற்கும், ஒரு குடும்பம் வீணாகப் பதறும். சின்ன விடயம் இல்லைதான், ஆனால் பிறகு திருத்திக்கொள்ளலாம். மனித எலும்பை மாடென்று சொன்னால் அது குப்பையோடு போய்விடும், குழி மூடப்படும், மேலே வீடோ வீதியோ வந்துவிடும். அதைத் திருத்த வழியில்லை. ஆகவே ‘எத்தனை வீதம் சரியாகச் சொல்லும்’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘பிழைத்தால் எப்படிப் பிழைக்கும்’ என்றும் கேட்க வேண்டும்.

## கைபேசிப் படம்

செலவில்லாதது, அதனால்தான் எல்லோரும் முதலில் இதைச் செய்கிறார்கள். ஒழுங்காக எடுத்த படம் ஒரு நிபுணரை உடனே வரவழைக்கவும் உதவும், ‘அவசரமில்லை’ என்று சொல்லவைக்கவும் உதவும். ஒழுங்காக எடுப்பதென்றால், எலும்பைத் தொடாமல், பக்கத்தில் ஒரு பேனையையோ நாணயத்தையோ வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், சுற்றுப்புறம் தெரிய இன்னொன்றும் எடுப்பது. அளவுகோல் இல்லாத படத்தில் ஆட்டுக்குட்டியின் எலும்பும் எருமையின் எலும்பும் ஒன்றாகத்தான் தெரியும்.

மறைந்த செலவு என்னவென்றால், படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றத் தொடங்கியதும் சனம் கூடிவிடும். புதையல் தேடுகிறவர்கள் இரவில் வருவதும் உண்டு. படத்தைப் பார்த்து ‘இது மிருகம்’ என்று யாராவது கருத்துப் போட்டால் அதையே முடிவாக எடுத்துக்கொண்டு குழியை மூடிவிடுவதும் நடக்கக்கூடியதுதான். படம் அறிவிப்பதற்கு நல்லது, தீர்மானிப்பதற்கு ஆகாது.

## பழகிய கண்

சட்ட வைத்திய அதிகாரியோ உடற்கூற்று எலும்பியல் படித்தவரோ எலும்பைக் கையில் எடுத்து, தெரிந்த எலும்புகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. இருக்கும் வழிகளில் இதுதான் பழையது. முழு எலும்பென்றால் இன்றைக்கும் இதுதான் முதல்தரமானது.

பார்ப்பவர் மூன்று விடயங்களை வரிசையாகப் பார்ப்பார்: பருமன், வடிவம், முதிர்ச்சி. பருமன் எல்லோருக்கும் தெரியும். வடிவத்தில்தான் வேலை இருக்கிறது.

மாடு, எருமை, ஆடு, மான், மரை இவற்றின் முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே ஒற்றை நீள எலும்பொன்று உண்டு. இரண்டு எலும்புகள் சேர்ந்து ஒன்றானது அது. முன்புறத்தில் நெடுக ஒரு பள்ளக்கோடு ஓடும், கீழ் முனையில் இரண்டு உருண்ட புடைப்புகள் தனித்தனியாக நிற்கும். மனித உடம்பில் இப்படி ஒரு எலும்பே கிடையாது. வன்னியில் ‘மனிதக் கை’ என்று பதறி எடுத்த எலும்பில் இந்தப் பள்ளக்கோடு தெரிந்தால் அந்த எலும்பைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. இந்த மிருகங்களில் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒட்டிப்போயிருக்கும். எங்களுக்கு அவை தனித்தனி, அதனால்தான் உள்ளங்கையைத் திருப்ப முடிகிறது.

நாங்கள் இரண்டு காலில் நடப்பது எலும்பெங்கும் எழுதியிருக்கிறது. முள்ளந்தண்டு மண்டையோட்டுக்குள் நுழையும் பெருந்துளை மனிதனில் அடிப்பக்கத்தில் இருக்கும். நாயிலும் மாட்டிலும் பின்பக்கத்தில். மனித இடுப்பெலும்பு அகன்று குட்டையானது, நாலுகால் விலங்கில் நீண்டு ஒடுங்கியது. மனிதத் தொடை எலும்பின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரம்பு நெடுக ஓடும். மனித விலா நன்றாக வளைந்து முறுகியிருக்கும், ஆடுமாடுகளின் விலா அவ்வளவு வளையாமல் தட்டையாகப் போகும். நீள எலும்பு குறுக்காக உடைந்திருந்தால் சுவரைப் பாருங்கள். மனிதனில் சுவரின் தடிப்பு எலும்பின் விட்டத்தில் ஏறத்தாழ கால் பங்கு, விலங்கில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. இது கணக்கு மட்டும்தான். வயதான ஆள், நோயாளி, எலும்பின் எந்த இடம் என்பதைப் பொறுத்து மாறும். இதை மட்டும் வைத்து ஒருவரும் கையெழுத்துப் போடக்கூடாது.

முதிர்ச்சி என்பது சனத்துக்கு அதிகம் தெரியாத விடயம், ஆனால் மிகவும் பிரயோசனமானது. குழந்தையின் எலும்பில் முனைகள் இன்னும் தண்டோடு ஒட்டியிருக்காது. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் அவை ஒவ்வொன்றாக ஒட்டும். ஆகவே, குழந்தையின் கை அளவுக்குச் சின்னதாக இருந்தும் இரண்டு முனையும் முற்றாக ஒட்டி முதிர்ந்திருந்தால் அது குழந்தை இல்லை. நாய், நரி, முயல், மயில் போன்ற சிறிய உடம்புள்ள ஒன்று. ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. சின்ன எலும்பு, முனை ஒட்டவில்லை என்றால் அது குழந்தையாகவும் இருக்கலாம், ஆட்டுக்குட்டியாகவும் பன்றிக்குட்டியாகவும் இருக்கலாம். சிசுவின் எலும்புதான் ‘கோழி’ என்றும் ‘முயல்’ என்றும் தவறவிடப்படுவதில் முதலிடம். அதனால் குழிக்குள் மண்ணை அரிக்காமல் வாரிப் போடுவது எனக்குப் பிடிக்காது.

பற்கள் நல்ல சாட்சி. ஆடுமாடுகளுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பற்களே இல்லை, கடைவாய்ப்பற்களில் பிறை பிறையாக வரம்புகள் தெரியும். நாய், நரி, சிறுத்தையின் கடைவாய்ப்பற்கள் வெட்டும் விளிம்புள்ளவை. ஆனால் இரண்டு விலங்குகளிடம் கவனம் வேண்டும். ஒன்று குரங்கு. எங்களுக்கும் வன்னிக் காட்டு மந்திக்கும் பற்களின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றுதான், 32. எண்ணிப் பார்த்து ஒன்றும் ஆகாது. மந்தியின் கடைவாய்ப்பல்லில் குறுக்காக ஓடும் இரண்டு வரம்புகளையும் நீண்ட கோரைப்பல்லையும் பார்க்க வேண்டும். மற்றது பன்றி. எங்களைப் போலவே எல்லாம் தின்னும் பிராணி என்பதால் அதன் கடைவாய்ப்பல்லும் மேடு மேடாக இருக்கும், தேய்ந்துவிட்டால் மனிதப் பல் என்றே தோன்றும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து 1922இல் ஆதிமனிதக் குரங்கொன்றை அறிவித்தார்கள். அது பன்றியைப் போன்ற பெக்கரி என்ற விலங்கின் பல் என்று தெரிந்து 1927இல் கைவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற ஆய்வாளருக்கே நடந்தது, கிணற்றடியில் நிற்கிற எங்களுக்கு நடக்காதா?

கண்ணை ஏமாற்றுபவை இன்னும் சில. கரடியின் பாதம் தோலும் நகமும் போன பிறகு மனிதப் பாதம் போலவே இருக்கும். மனிதக் காலில் பெருவிரல் பக்கத்து எலும்புதான் தடித்தது, கரடியில் அந்தப் பக்கத்து எலும்புதான் சிறியது என்று தெரிந்தால் தப்பலாம். முல்லைத்தீவுக் கரையில் கடலாமை ஓட்டுத் துண்டுகள் குழந்தையின் மண்டையோட்டுத் துண்டுகளாகத் தெரியும். மண்டையோடென்றால் வெளியிலும் உள்ளிலும் இறுக்கமான தகடு, நடுவில் கடற்பஞ்சுபோன்ற படை, உள்பக்கத்தில் இரத்தக்குழாய் பதிந்த கோடுகள் இருக்கும். சிரட்டையையும் சொல்ல வேண்டும். 2008இல் ஜேர்சித் தீவில் பழைய சிறுவர் இல்லமொன்றைத் தோண்டியபோது குழந்தையின் மண்டையோடு என்று அறிவித்த துண்டு பிறகு மரமோ தேங்காய்ச் சிரட்டையோ என்று ஆனது. தென்னை இல்லாத தீவிலேயே அந்த நிலைமை.

எலும்பின்மேல் உள்ள காயமும் ஏமாற்றும். அகன்ற, ஒரே சீராகப் பக்கம் பக்கமாக ஓடும் கீறல்கள் முள்ளம்பன்றி கடித்ததாக இருக்கலாம். அது உலர்ந்த எலும்பைக் கொறிக்கும் பழக்கமுள்ளது. அதை வெட்டுக்காயம் என்று எழுதினால் வழக்கே வேறு பக்கம் போய்விடும். மறுபக்கம், இறைச்சிக்கடைக் கத்தி பட்ட ஆட்டுவிலா ஒரே அளவான துண்டுகளாக வரும்.

இந்த வழியின் மறைந்த செலவு ஆள்தான். ‘நான் எத்தனை எலும்பு பார்த்திருப்பேன்’ என்று சொல்லும் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்காது. மனித எலும்பை மட்டும் படித்தவர் மரையின் எலும்பையும் பன்றியின் எலும்பையும் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார். உள்ளூர் விலங்குகளின் ஒப்பீட்டு எலும்புத்தொகுதி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் குட்டி, வளர்ந்தது இரண்டும். ஐரோப்பாவில் அச்சடித்த எலும்புப் படநூலில் மந்தியும் மரையும் இருக்காது.

எப்போது இது சரி: மூட்டு முனை, பல், தாடை, முகம், கைகால் நுனி எலும்புகள் இருக்கும்போது. எப்போது போதாது: தண்டின் நடுத்துண்டு, எரிந்து சிதறியது, சிசு.

## எக்ஸ்ரே

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாவட்ட வைத்தியசாலையிலேயே எடுக்கலாம், எலும்புக்கு ஒரு சேதமும் இல்லை. தாடைக்குள் இன்னும் முளைக்காத பற்கள், ஒட்டாத முனைகள், உள்ளே சிக்கிய உலோகத் துண்டு இவற்றைக் காட்டும். எலும்பு முறிவுக்கு வைத்த தகடும் ஆணியும் தெரிந்தால் அது அநேகமாக மனிதன் என்பதோடு நிற்காது, அதில் பொறித்த இலக்கம் ஆளைக் கண்டுபிடிக்கவும் வழிவிடலாம். செலவு குறைவு என்பதால் கண்ணோடு சேர்த்து எப்போதும் எடுத்துவைக்கலாம். தனியே இதை வைத்து விலங்கா மனிதனா என்று முடிவெடுக்க வேண்டாம்.

## நுண்ணோக்கி

எலும்பில் ஒரு குறுக்குவெட்டை எடுத்து, பிசினில் பதித்து, 0.1 மில்லிமீற்றருக்கும் மெல்லியதாகத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவப் பார்ப்பது. வெளியில் ஒரு வடிவமும் தெரியாத துண்டு உள்ளே நிறையச் சொல்லும்.

மாடு, ஆடு, பன்றி மாதிரி விரைவாக வளர்ந்து பெருக்கும் விலங்குகளில் எலும்பு அவசர அவசரமாகக் கட்டப்படுகிறது. அதனால் நுண்ணோக்கியில் செங்கல் வரிசை அடுக்கியதுபோல நேர்நேரான படைகள் தெரியும். வளர்ந்த மனிதனில் அந்த அடுக்கு கிடையாது. ஒரு இரத்தக்குழாய்த் துளை, அதைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகப் படைகள், அப்படிப்பட்ட அலகுகள் ஒழுங்கில்லாமல் அங்கங்கே நெருங்கிக் கிடக்கும். விலங்குகளில் இந்த வட்ட அலகுகள் வந்தாலும் பல இடங்களில் வரிசை பிடித்து நிற்கும்.

இங்கேதான் ‘எந்தப் பக்கம் பிழைக்கும்’ என்ற கேள்வி உதவுகிறது. செங்கல் அடுக்கு தெளிவாகப் பரந்து தெரிந்தால் ‘விலங்கு’ என்பதைத் துணிந்து எழுதலாம். அது தெரியவில்லை என்றால் ‘மனிதன்’ என்று எழுத முடியாது. நாய், குரங்கு, கிழட்டு மாடு, பெரிய விலங்கின் விலா எலும்பு எல்லாம் மனிதனைப் போலவே வட்ட அலகுகளைக் காட்டும். ஆக, இந்தச் சோதனை விலங்கை விலக்கத் திறமானது, மனிதனை உறுதிசெய்யப் பலவீனமானது. இடத்தில் குவிந்து கிடக்கும் நூறு துண்டில் மாட்டுத் துண்டுகளைப் பத்திரமாகக் கழித்துவிட இதைவிட நல்ல வழி குறைவு.

மறைந்த செலவுகள்: வெட்டிய துண்டு திரும்ப வராது. எலும்பின் எந்தப் பாகம் என்று தெரியாமல் வெட்டினால் ஒப்பிடுவதே கடினம். பிசின், வைர வாள், தேய்க்கும் கருவி எல்லாம் ஒரு ஆய்வுகூடத்தில் இருந்தாலும் படத்தை வாசிக்கப் பழகிய ஆள் இல்லாவிட்டால் பயனில்லை. ஒரு நன்மையும் உண்டு. எரிந்த எலும்பில் மரபணு அழிந்த பிறகும் இந்த நுண்வடிவம் பல சமயம் மிஞ்சும்.

எப்போது இது சரி: தண்டுத் துண்டுகள் நிறைய இருக்கும்போது, எரிந்த துண்டு, அனுப்ப முன்னம் கழிக்க வேண்டிய குவியல்.

## கொலாஜன் கைரேகை

எலும்பின் புரதமான கொலாஜன் இனத்துக்கு இனம் சிறிது வேறுபடும். அதை நொதியால் வெட்டி, துண்டுகளின் எடையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தால் எந்த விலங்குக் குழு என்று தெரிந்துவிடும். பிரித்தானியாவில் தொல்லியலாளர்கள் ஆடு, செம்மறியைப் பிரித்தறிய வளர்த்த முறை இது. இப்போது தடயவியலுக்கும் வந்துவிட்டது.

வேண்டியது சில பத்து மில்லிகிராம் மட்டுமே. வெப்ப மண்ணில் மரபணு சிதைந்த பிறகும் கொலாஜன் அதிக காலம் தாக்குப்பிடிக்கும். மனிதனென்றால் மனிதன், மாடென்றால் மாடு என்று இரண்டு பக்கமும் நேராகவே பேசும். அந்த விதத்தில் நுண்ணோக்கியை விட மேல். நெருங்கிய இனங்களைப் பிரிக்காது. எந்த மான் என்று கேட்டால் திணறும். மனிதனைச் சிம்பன்சியிடமிருந்து பிரிப்பதும் சிரமம், ஆனால் வன்னியில் அது ஒரு பிரச்சினை இல்லை.

சுட்டு வெள்ளையாகிப்போன எலும்பில் கொலாஜன் இருக்காது, அங்கே இது கைவிடும். மாதிரி தூரம் போக வேண்டியிருக்கும், அதனால் அனுமதிப் பத்திரங்களும் காத்திருப்பும் கூடும். ‘யார்’ என்பதை இது ஒருபோதும் சொல்லாது. எனக்குத் தெரிவு இருந்தால், கண்ணாலும் நுண்ணோக்கியாலும் தீராத துண்டுகளை மொத்தமாக ஒரே தடவையில் இதற்கு அனுப்புவேன். ஒவ்வொன்றாக அனுப்புவது காசுக்கும் காலத்துக்கும் கேடு.

## மரபணு

சனம் அதிகம் நம்புவது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. எந்த இனம் என்பதையும் எந்த ஆள் என்பதையும் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். உயிரணுவொன்றில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருக்கும் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) மரபணு, பழைய எலும்பிலும் சில சமயம் பிழைத்திருக்கும். இனத்தை அறிய அது போதும். தாய்வழி உறவை ஒப்பிடவும் அது உதவும்.

ஆனால் வன்னி வெயிலும் மாரி மழையும் மாறிமாறி அடிக்கும் மண் மரபணுவுக்கு எதிரி. நன்றாக எரிந்த எலும்பில் கிடைக்காது. கிடைத்தாலும் கலப்படம் என்ற தலையிடி இருக்கிறது. தோண்டியவரின் வியர்வை, படம் எடுத்தவரின் கை, பொதி கட்டியவரின் தும்மல் எல்லாம் மனித மரபணுதான். வெறுங்கையால் பலர் தொட்ட மாட்டெலும்பு ‘மனிதன்’ என்ற சமிக்ஞையைக் கொடுக்கலாம். மற்றச் சோதனைகளில் இந்த ஆபத்து இப்படி இல்லை. ஆகவே கையுறை, முகக்கவசம், எடுத்தவர்களின் ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் மரபணு முடிவை வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

இன்னொரு மறைந்த செலவு, நல்ல மாதிரி வீணாவது. மரபணு அதிகம் தங்குமிடங்கள் பல், உட்காதைச் சுற்றியுள்ள மண்டையோட்டின் இறுகிய எலும்பு, தொடை எலும்பின் நடுத்தண்டு. இவை சிறு துண்டாக உடையாமல் இருந்தால், பழகிய கண் பார்த்தவுடனேயே மனிதனா என்று பெரும்பாலும் சொல்லிவிடும். அதற்காக அவற்றை அரைத்துப் பொடியாக்கினால், பிறகு குடும்பத்தோடு ஒப்பிட எதை எடுப்பது? அந்தப் பொடி ஒரு தாயின் இரத்த மாதிரியோடு ஒப்பிடப்பட வேண்டியது.

அதனால் மரபணுவைக் கேட்கிறவர்கள் கூடவே ஒன்றைக் கேட்க வேண்டும்: ஒப்பிட உறவினர் மாதிரிகள் எங்கே, யார் எடுக்கிறார்கள், யார் பாதுகாக்கிறார்கள்? மறுபக்கத்தில் மாதிரி இல்லாவிட்டால் எலும்பின் மரபணு பெயரில்லாத எண்களாகத்தான் கிடக்கும். தேடிக்கொண்டிருக்கும் தாய் தகப்பனுக்கு வயது போகிறது. எலும்பைக் காத்துவைக்கலாம், அவர்களுடைய மாதிரியை இப்போதே எடுத்துவைக்காவிட்டால் பிறகு எடுக்க ஆள் இருக்காது.

எப்போது இது சரி: மனிதன் என்று ஏற்கெனவே தெரிந்த எலும்பில், ஆளைக் கண்டறிய. இனம் அறிவதற்கு என்றால், மற்ற எல்லா வழியும் தோற்று, அந்தத் துண்டில்தான் வழக்கே தங்கியிருக்கும்போது மட்டும்.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| வழி | எலும்பில் அழிவு | திறமான இடம் | சறுக்கும் இடம் |
|---|---|---|---|
| கைபேசிப் படம் | இல்லை | அறிவிக்க | முடிவெடுக்க |
| பழகிய கண் | இல்லை | மூட்டு முனை, பல், முகம் | சிறு துண்டு, சிசு |
| எக்ஸ்ரே | இல்லை | பல் முளை, உலோகம், முனைகள் | தனியே முடிவு சொல்ல |
| நுண்ணோக்கி | ஒரு குறுக்குவெட்டு | விலங்கை விலக்க, எரிந்த துண்டு | மனிதனை உறுதிசெய்ய |
| கொலாஜன் | சில பத்து மில்லிகிராம் | வடிவமில்லாத துண்டு | வெள்ளையாக எரிந்தது. ‘யார்’ என்பது |
| மரபணு | அரைத்த பொடி | ‘யார்’ என்பது | எரிந்தது, கலப்படம், வெப்ப மண் |

## வன்னியில் அடிக்கடி வரும் மூன்று நிலைமை

*வளவுக்குள் ஒற்றை எலும்பு.* கட்டாக்காலி மாடுகளும் நாய்களும் பன்றிகளும் உள்ள ஊரில் இது பெரும்பாலும் விலங்குதான். பழகிய கண் ஒன்று போதும். விலங்கென்று உறுதியானாலும் யார் பார்த்தார், எதை வைத்துச் சொன்னார் என்று இரண்டு வரி எழுதி, படத்தோடு வைத்துவிட வேண்டும். மனிதனென்று வந்தாலும் குற்றம் என்று உடனே முடிவுகட்டக்கூடாது. பழைய சுடலையாக இருக்கலாம், மறந்துபோன சவக்காலையாக இருக்கலாம். இடத்தின் வரலாற்றை ஊரின் மூத்தவர்களிடம் கேட்பதும் ஒரு சோதனைதான்.

*கலந்த குவியல்.* 2009இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் சனம் செத்த இடத்திலேயே ஆடுமாடுகளும் செத்தன. பதுங்குகுழிக்குள் இரண்டும் கலந்து கிடந்தால் ‘மேலே மாட்டெலும்பு, ஆகவே இது மாட்டுக் குழி’ என்று நிறுத்தக்கூடாது. மண்ணை அரித்து, முதலில் கண்ணால் மூன்றாகப் பிரிக்க வேண்டும்: மனிதன், விலங்கு, தெரியாதது. மூன்றாவதில் பெரிய துண்டுகளை நுண்ணோக்கிக்கும், அதிலும் தீராததைக் கொலாஜனுக்கும் அனுப்பலாம். உடை, செருப்பு, சாவி, பல்செற் மாதிரிக் கூடவந்த பொருட்களைப் பிரிக்காமல் இடத்தின் இலக்கத்தோடு வைக்க வேண்டும். அவை சில சமயம் எந்த எலும்பையும் விட வேகமாகப் பேசும்.

*எரிந்த துண்டுகள்.* சாம்பலும் வெள்ளைத் துண்டுகளும் மட்டும் இருந்தால் மரபணுவையும் கொலாஜனையும் நம்பிக் காலம் கடத்த வேண்டாம். துண்டு எலும்புதானா, சிரட்டையா, சுண்ணக்கல்லா என்று கல்சியம், பொஸ்பரஸ் விகிதத்தைப் பார்க்கும் எக்ஸ்கதிர்க் கருவியால் சேதமில்லாமல் அறியலாம். எலும்பென்றால் நுண்ணோக்கிதான் மிஞ்சும். எல்லாத் துண்டும் ஒரே சீராக எரிவதில்லை. குவியலின் ஓரத்தில் கறுப்பாகவோ மண்ணிறமாகவோ நிற்கும் துண்டுகளில் புரதம் மிஞ்சியிருக்கலாம். அவற்றைத் தனி உறையில் போட்டு, வெள்ளைத் துண்டுகளோடு கலக்காமல் இலக்கமிடச் சொல்லுங்கள்.

குடும்பங்களின் சார்பில் நீதிமன்றத்தில் நிற்கும் சட்டத்தரணிகளுக்கும் ஒன்று: அறிக்கையில் ‘விலங்கு எலும்புகள்’ என்று ஒரு வரி இருந்தால், எத்தனை துண்டு, எந்த விலங்கு, எந்த அடையாளத்தை வைத்து, யார் என்று கேளுங்கள். ‘இனம் தெரியாதவை’ என்று ஒரு தனிக் கணக்கு அதில் இல்லாவிட்டால், அந்தத் துண்டுகள் இப்போது எந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன என்றும் கேளுங்கள்.